அஹிமேஸ்: இரட்டைச் சாளரமா, கிராதி மாடமா? ஒரு ஸ்பானியக் கட்டடச் சொல்லின் பொருளும் பிறப்பும்

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயினின் கிரனாதா நகரத்து அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பற்றிய நூலொன்றைச் சில மாதங்களாகத் தமிழாக்கம் செய்து வருகிறேன். அதில் ‘அஹிமேஸ்’ என்னும் சொல் அடிக்கடி வருகிறது. நான் பயன்படுத்தும் கையகராதி அதற்கு ‘நடுவில் ஒரு தூணால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட வில்வளைவுச் சாளரம்’ என்று ஒரே ஒரு பொருளைத் தருகிறது. அதை நம்பி ‘இரட்டை வில் சாளரம்’ என்று எழுதி வந்தேன். மூன்று அதிகாரங்கள் வரை இடறல் ஏதும் இல்லை, நான்காவதில் நின்றுவிட்டேன்.

1492இல், அதுவரை முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட கிரனாதா, கத்தோலிக்க அரசர்களான இசபெல், பெர்னாந்தோ ஆகியோரின் கைக்கு வந்தது. அதன்பின் 16ஆம் நூற்றாண்டில் நகரத்துத் தெருக்களிலிருந்த அஹிமேஸ்களை அகற்றுமாறு ஆணைகள் இடப்பட்டன என்றும், அவை தெருவுக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் தடுத்தன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்றும் அந்த அதிகாரம் கூறுகிறது. சுவருக்குள் அடங்கியிருக்கும் சாளரம் தெருவின் வெளிச்சத்தை எப்படித் தடுக்கும்? அதை அகற்றினால் சுவரில் ஓட்டையல்லவா மிஞ்சும்? நூலாசிரியர் தவறினாரா, அகராதி தவறியதா, நான்தான் எதையேனும் விட்டுவிட்டேனா என்று தெரியவில்லை. கட்டடக்கலையும் ஸ்பானியமும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கல்லும் உளியும்:

வணக்கம் அம்மா. நான் கட்டடப் பொறியாளன். உங்கள் அகராதி சொல்லும் பொருளில்தான் நானும் இச்சொல்லைப் படித்திருக்கிறேன். ஒரே சட்டத்துக்குள் இரண்டு சிறு வில்வளைவுகள் அருகருகே அமைந்து, அவை சந்திக்கும் இடத்தை மெல்லிய தூண் ஒன்று தாங்கி நிற்கும் சாளரமே அஹிமேஸ். அந்த நடுத்தூணுக்கு ஸ்பானியத்தில் ‘பார்த்தெலுஸ்’ என்று பெயர். ‘ஒளியைப் பிளப்பது’ என்பது அதன் நேர்ப்பொருள். கத்தலான் மொழியினர் இவ்வகைச் சாளரத்தைத் தூணின் பெயராலேயே ‘கொரொனெல்யா’ என்கிறார்கள். சிறுதூண் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது.

அல்ஹம்ப்ராவிலேயே ‘அஹிமேஸ்களின் கூடம்’ என்று ஓர் அறை உண்டு. இரு சகோதரியர் கூடத்தைக் கடந்து வடக்கே சென்றால் அங்கே நுழைவீர்கள். அதன் வடசுவரில் இரண்டு இரட்டைச் சாளரங்கள் இருப்பதால்தான் அந்தப் பெயர். இரண்டுக்கும் நடுவே லிந்தராஹா மாடம் தோட்டத்தை நோக்கி நீள்கிறது. அங்கும் முகப்பில் இருப்பது இரட்டைச் சாளரமே. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வாயிலில் நின்றபோது முதலில் என் கண்ணில் பட்டது சாளரத்தின் உயரம். நம் முழங்கால் அளவிலேயே தொடங்கிவிடுகிறது. நின்று பார்ப்பவருக்காக அமைத்ததன்று அது. தரையில் மெத்தையிட்டு அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அமைத்தது. அமர்ந்தவர் அன்று அல்பைசின் குன்றையும் தாரோ ஆற்றுப் பள்ளத்தாக்கையும் தடையின்றிப் பார்த்திருப்பார். 16ஆம் நூற்றாண்டில் பேரரசர் கார்லோஸுக்காக எதிரே அறைகள் கட்டப்பட்டதால் இன்று அந்தக் காட்சி அடைபட்டு, கீழே உள்முற்றத் தோட்டம் மட்டுமே தெரிகிறது.

ஆகவே சொல்லின் பொருளில் எனக்கு ஐயமில்லை. நகர ஆணையைப் பற்றிய பகுதியில்தான் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சொல்லாய்வன்:

பொறியாளர் ஐயா மன்னிக்க வேண்டும். பிழை ஆணையில் இல்லை. அன்று ஆணையிட்டவர்களுக்கு அஹிமேஸ் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். மறந்துபோனது பிற்காலத்தவர்களே.

15, 16ஆம் நூற்றாண்டுகளின் ஆவணங்களில் வரும் ‘அஹிமேஸ்’ கல் சாளரத்தைக் குறிப்பதில்லை. வீட்டின் மேல்தளச் சுவரிலிருந்து தெருவின் மேல் நீட்டிக் கட்டப்பட்ட மரப்பெட்டி போன்ற மாடத்தையே குறிக்கிறது. உத்திரங்களின் முனைகளைச் சுவருக்கு வெளியே நீட்டி, அவற்றின்மேல் தளம் பரப்பி, மூன்று பக்கமும் மரக் கிராதியால் அடைத்து, மேலே சிறு கூரையும் வேய்ந்திருப்பார்கள். வீட்டுப் பெண்கள் உள்ளே இருந்தபடி தெருவைப் பார்க்கலாம். தெருவில் செல்பவருக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். கெய்ரோவின் பழைய வீடுகளில் ‘மஷ்ரபிய்யா’ என்று இதையொத்த அமைப்பை இன்றும் காணலாம்.

இப்போது கயல்விழி அவர்களின் புதிர் தானாகவே அவிழ்கிறது. அந்தலூசிய, அதாவது தென் ஸ்பெயினின், முஸ்லிம் நகரங்களின் தெருக்கள் மிகக் குறுகியவை. இருபக்கத்து வீடுகளிலிருந்தும் இத்தகைய மாடங்கள் நீண்டு வந்தால் இடையில் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். குதிரையில் வருபவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், மழை ஈரம் காயாது, தீப்பிடித்தால் ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குத் தாவும். புதிய ஆட்சியாளர்கள் அகன்ற நேர்த்தெருக்களை விரும்பினார்கள். கண்ணுக்குத் தெரியும் இஸ்லாமிய அடையாளங்களைக் குறைக்கும் நோக்கமும் அவர்களுக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாடங்கள் அகற்றப்பட்டன. மரம் என்பதால் எஞ்சியவையும் காலப்போக்கில் உளுத்து வீழ்ந்தன.

பொருள் மறைந்தது, பெயர் பழைய ஏடுகளில் மட்டும் தங்கியது. 19ஆம் நூற்றாண்டில் நடுக்காலச் சின்னங்களை ஆர்வத்தோடு விவரிக்கப் புகுந்தவர்கள், அரபு ஒலியுடைய இந்த அழகிய சொல்லை, தம் கண்முன்னே அழகாக நின்றுகொண்டிருந்த இரட்டை வில் சாளரத்துக்குச் சூட்டினார்கள். அதுவே பாடநூல்களிலும் அகராதிகளிலும் பரவியது. லெயோபோல்தோ தோர்ரெஸ் பால்பாஸ் 1947இல் எழுதிய கட்டுரையில் பழைய ஆவணங்களைக் கொண்டு இந்தக் குழப்பத்தை விளக்கிக் காட்டினார். அவர் அறையில் அமர்ந்து எழுதிய மொழியறிஞர் மட்டும் அல்லர். 1923 முதல் 1936 வரை அல்ஹம்ப்ராவின் பாதுகாப்புப் பணியைப் பொறுப்பேற்று நடத்திய கட்டடக் கலைஞர். அவர் சொல்லியும் பிழை மாறவில்லை. ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இன்று இரண்டு பொருளையும் தருகிறது. ஆனால் சாளரம் முதலிலும் கிராதி மாடம் இரண்டாவதாகவும் நிற்கின்றன. கையகராதிகள் இரண்டாவதை விட்டுவிடுகின்றன. நீங்கள் இடறியது அங்கேதான்.

காயல் மரைக்காயர்:

அன்புச் சகோதரி கயல்விழிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். சொல்லாய்வன் அவர்கள் சொன்னதற்கு அரபு மொழிப் பக்கத்திலிருந்து வலுச் சேர்க்க விரும்புகிறேன்.

அஹிமேஸ் என்பதன் வேர் அரபியில் சூரியனைக் குறிக்கும் ‘ஷம்ஸ்’. எந்தக் கிளைச்சொல் வழியாக ஸ்பானியத்துக்குள் நுழைந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேர் சூரியன்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. தொடக்கத்தில் உள்ள ‘அ’ அரபியின் ‘அல்’ என்னும் முன்னொட்டின் எச்சம். அல்ஹம்ப்ரா என்பதில் ‘அல்’ முழுமையாக நிற்க, இங்கே மட்டும் ‘ல்’ ஏன் காணவில்லை என்று கேட்கலாம். குழந்தைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் எவரும் இதைத் தொடக்கப் பாடங்களிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார். அரபு எழுத்துகளில் பாதி சூரிய எழுத்துகள், பாதி நிலவு எழுத்துகள். நிலவு எழுத்துக்கு முன் ‘அல்’ அப்படியே ஒலிக்கும்: ‘அல்கமர்’, நிலவு. சூரிய எழுத்துக்கு முன் ‘ல்’ கரைந்து அடுத்த ஒலி இரட்டிக்கும்: ‘அஷ்ஷம்ஸ்’, சூரியன். நாம் பேசிக்கொண்டிருக்கும் சொல்லின் வேரே அந்த இலக்கண வகைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. பல ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு, அந்தப் பாடம் ஸ்பெயினின் ஒரு மாடத்தில் கேட்கிறது என்பது பெருமகிழ்ச்சி தருகிறது.

‘ஷ்’ எப்படி ‘ஹ்’ ஆயிற்று என்பதற்கு ஸ்பானிய வரலாறே விடை. பழைய ஸ்பானியத்தில் இச்சொல்லை எக்ஸ் எழுத்திட்டு எழுதினார்கள். அன்று அதன் ஒலி ‘ஷ்’. பிறகு அந்த ஒலி தொண்டைக்குள் இறங்கி இன்றைய கரகரப்பான ‘ஹ்’ ஆயிற்று. 1815இல் அரச கழகம் எழுத்துமுறையைத் திருத்தியபோது இத்தகைய சொற்களில் எக்ஸ் நீங்கி ஹோத்தா என்னும் ஜே எழுத்து ஏறியது. மெஹிகோ என்று ஒலித்தாலும் எக்ஸ் எழுத்திட்டே எழுதப்படும் நாட்டுப்பெயர் அந்தப் பழைய வழக்கின் எச்சம். ஆக, அன்று ‘அஷிமேஸ்’ என்பதற்கு நெருக்கமாக ஒலித்த சொல் இன்று அந்தலூசியாவில் ‘அஹிமேஸ்’ என்றும், நடு ஸ்பெயினின் காஸ்தீயாவில் கடைசி ஒலி நாக்கை நுனிப்பல்லில் வைத்து ‘அஹிமேத்’ என்பது போலவும் கேட்கிறது.

பொருளையும் பாருங்கள். சுவருக்குள் அடங்கிய சாளரத்துக்கு ஒரு பக்கத்து வெயில்தான் கிடைக்கும். அதை இரண்டாகப் பிரிப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பே இல்லை. தெருவுக்குள் நீட்டிய மாடமோ மூன்று பக்கமும் வெயில் வாங்கும், அதைக் கிராதியால் சலித்து உள்ளே விடும். வெயிலை வாங்குவதும் தடுப்பதும் ஒன்றேயாகிய பொருள் அது. இன்றைய அரபியில் ‘ஷம்ஸிய்யா’ என்றால் குடை.

சூரியனுக்கு இணையாக நிலவும் உண்டு. யெமனின் சனா நகரத்து உயர்ந்த வீடுகளில் வண்ணக் கண்ணாடி பதித்த சாளரங்களைக் ‘கமரிய்யா’ என்பார்கள், ‘கமர்’, நிலவு. அல்ஹம்ப்ராவின் கொமாரெஸ் கோபுரத்தின் பெயரும் இதே சொல்லிலிருந்து வந்தது என்று விளக்குவோர் உள்ளனர்.

முத்தமிழ்ப்பித்தன்:

நல்ல உரையாடல். ஒன்றைக் கேட்கலாமா? கிராதி மாடத்துக்குத் தமிழில் ‘பலகணி’ என்னும் அருமையான சொல் இருக்கிறதே. பல கண்களை உடையது பலகணி. இதிலிருந்துதான் ‘பால்கனி’ ஐரோப்பாவுக்குச் சென்றது என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் ஸ்பானியர் சொல்லும் ‘பால்கோன்’ நம்முடையதுதானே?

சொல்லாய்வன்:

பலகணி பற்றிய உங்கள் விளக்கம் சரி. அதன் பயணம் பற்றிய செய்தி சரியன்று. ஸ்பானியத்தின் ‘பால்கோன்’ இத்தாலியத்தின் ‘பல்கோனே’ வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது உத்திரத்தைக் குறிக்கும் ஒரு ஜெர்மானியச் சொல். சுவருக்கு வெளியே நீட்டிய உத்திரங்களின் மேல் நிற்பதால் அந்தப் பெயர். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

உண்மையான உறவுகள் வேறிடத்தில் இருக்கின்றன. அவை தற்செயலை விடச் சுவையானவை. நாம் நாள்தோறும் சொல்லும் ஜன்னல், போர்த்துக்கீசியரின் ‘ஜனேலா’. இந்த இழையில் நான் தயங்காமல் எழுதிய ‘கிராதி’யும் போர்த்துக்கீசியரின் ‘கிராதே’ தான். ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் தச்சர்களும் மாலுமிகளும் கொண்டுவந்த சொல்லாலேயே ஐபீரியாவின் மாடத்தை நாம் இன்று விவரிக்கிறோம்.

ஸ்பானியர் சாளரத்துக்கு வைத்த பொதுப்பெயர் ‘வெந்தானா’. ‘வியெந்தோ’ என்றால் காற்று. ‘காலதர்’ என்னும் நம் பழஞ்சொல்லும் அதையே சொல்கிறது; கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் ‘மான்கண் காலதர்’ என்று கண்ணையும் காற்றையும் ஒரே தொடரில் வைத்திருக்கிறது. இவற்றுக்குள் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இரு மொழியினரும் சுவரில் ஒரு திறப்பைக் கண்டு, அதன் வழியாக முதலில் உணர்ந்தது காற்றைத்தான்.

கிராதிக்கு ஸ்பானியர் வைத்த பெயர் ‘செலோசீயா’. பொறாமை, ஐயம் என்னும் பொருளுடைய ‘செலோ’விலிருந்து பிறந்தது அது. மனைவியைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்க விரும்பியவனின் மனநிலை மரச்சட்டத்துக்குப் பெயராகிவிட்டது. அரபுச் சொல் வெயிலைப் பார்க்கிறது, காஸ்தீயச் சொல் கணவனைப் பார்க்கிறது. பொருள் ஒன்றுதான்.

கடலோடி:

வணக்கம். நான் கப்பலில் பணிபுரிபவன். ஸ்பானியம் துறைமுகங்களில் கற்றது. தந்தையார் தச்சர். இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனெனில் நீங்கள் அழிந்துவிட்டது என்று சொல்லும் பொருளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஸ்பெயினுக்குரிய கனாரித் தீவுகளின் தெனெரிஃபேயில் எங்கள் கப்பல் நின்றபோது, சாந்தா குரூஸ் துறைமுகத்திலிருந்து டிராம் ஏறி மலைமேல் இருக்கும் லா லகூனா நகருக்குச் சென்றேன். அங்கே அதெலாந்தாதோ சதுக்கத்தின் ஓரத்தில் சியெனா புனித கத்தரீனா கன்னியர் மடம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. வெள்ளைச் சுவரின் உச்சியில், மூலையில், அடர்பழுப்பு நிற மரப்பெட்டி ஒன்று முழுக்கக் கிராதியாக நிற்கிறது. எதிரே இருந்த முதியவரிடம் அது என்னவென்று கேட்டேன். ‘எல் அஹிமேஸ்’ என்றார். சாளரம் என்று சொல்லவில்லை.

தந்தையாரோடு பட்டறையில் வளர்ந்தவன் என்பதால் நெடுநேரம் அண்ணாந்து நின்றேன். மெல்லிய பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று சிறுசிறு கட்டங்களாக அமைந்திருந்தன. நண்பகல் வெயிலில் தெருவிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் கறுப்பாக மட்டுமே தெரிந்தது. உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். ஆகவே உள்ளிருப்பவருக்குத் தெரு முழுதும் தெரியும், நமக்கு ஒன்றும் தெரியாது. இரவில் உள்ளே விளக்கேற்றினால் நிலைமை தலைகீழாகும். மடத்தை விட்டு வெளியேறாத துறவியர் ஊர்வலங்களைப் பார்க்க இந்த ஒரு வழிதான் இருந்ததாம். அத்தீவுகளின் பழைய மாடங்களுக்கெல்லாம் கனாரிப் பைன் மரத்தின் வைரப்பகுதியைத்தான் பயன்படுத்தினார்கள். ‘தேயா’ என்பார்கள், பிசின் நிறைந்தது, எளிதில் பூச்சி அரிக்காது. மரம் என்பதால் அழிந்தது என்று சொல்லாய்வன் ஐயா எழுதினார். மரம் சரியாக வாய்த்த இடத்தில் அது நின்றிருக்கிறது, கூடவே பெயரும் பழைய பொருளில் நின்றிருக்கிறது.

கல்லும் உளியும்:

கடலோடி அவர்களின் பதிவு என் எண்ணத்தை மாற்றிவிட்டது. ஆணையில் பிழை என்று அவசரப்பட்டு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆயினும் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். இரட்டைச் சாளரத்துக்கு அஹிமேஸ் என்பது ‘பிழை’ என்று சொல்லாய்வன் ஐயா எழுதுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டடக் கலைஞர்கள் இந்தப் பொருளில் வரைபடங்களில் எழுதியிருக்கிறார்கள், அரண்மனைக் கூடத்துக்கே பெயர் ஒட்டிவிட்டது. சொல்லைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் ஒரே பொருள் விளங்குமானால் அது வழக்கு. ‘தபீக்கே’ என்றால் இன்று ஸ்பானியத்தில் அறைகளைப் பிரிக்கும் மெல்லிய தடுப்புச்சுவர். அதன் அரபு மூலமான ‘தஷ்பீக்’ பின்னிப் பிணைத்தலைக் குறித்தது. இன்று செங்கல் தடுப்பைத் தபீக்கே என்று சொல்லும் கொத்தனாரை யாரும் திருத்துவதில்லை. அந்தச் சலுகை அஹிமேஸுக்கு மட்டும் ஏன் இல்லை?

சொல்லாய்வன்:

நியாயமான கேள்வி. பிழை என்னும் சொல்லை நான் பிறப்புக்கே பயன்படுத்தினேன். இன்றைய வழக்கைத் தடைசெய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் தபீக்கேயின் கதை வேறு. பின்னிய மரத்தடுப்பின் இடத்தில் செங்கல் தடுப்பு வந்தபோது பெயர் வேலையோடு சேர்ந்து, கொத்தனார்களின் கையிலேயே கைமாறியது. அஹிமேஸ் அப்படி மாறவில்லை. மாடத்துக்கும் சாளரத்துக்கும் இடையே கைத்தொழில் தொடர்ச்சி எதுவும் இல்லை. சொல்லை எடுத்தவர்கள் ஏட்டிலிருந்து எடுத்தார்கள்.

இதனால் என்ன கேடு என்று கேட்பீர்கள். வரலாறு கலங்குகிறது என்பதே கேடு. வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் 893இல் திருநிலைப்படுத்தப்பட்ட வால்தெதியோஸ் தேவாலயத்தின் சாளரங்களையும் அஹிமேஸ் என்றே எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் மாணவர், பெயரைக் கொண்டு இரட்டைச் சாளரமே அரபியர் கண்டுபிடிப்பு என்று எண்ணிக்கொள்கிறார். அந்த வடிவம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. மறுபுறம், அரபு மரபுக்கே உரிய கிராதி மாடம், தன் பெயர் பறிபோனதால் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. எனக்கு வருத்தம் அங்கேதான்.

அகற்றும் ஆணைகளும் கிரனாதாவோடு நின்றுவிடவில்லை. போர்த்துக்கல் அரசவை 1808இல் ரியோ தெ ஜனேரோவுக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டே அந்நகர வீடுகளின் மரக் கிராதிகளை அகற்ற ஆணை பிறந்தது. ஒரு தலைநகரம் தன்னை ஐரோப்பிய நகரமாகக் காட்டிக்கொள்ள விரும்பும்போதெல்லாம் முதலில் கழற்றப்படுவது இதுதான் போலும்.

கயல்விழி:

இத்தனை பொறுமையோடு விளக்கிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்று நானே வகுத்துக்கொண்ட விதியைக் கைவிடுகிறேன். அரண்மனையின் கல் அமைப்பைச் சொல்லும் இடங்களில் ‘இரட்டை வில் சாளரம்’ என்றே இருக்கட்டும். நகர ஆணையைச் சொல்லும் அதிகாரத்தில் முதலில் ‘இடித்து’ என்று எழுதியிருந்ததையும் மாற்றி, இப்படித் திருத்தியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“தெருக்களின் மேல் நீட்டியிருந்த கிராதி மாடங்களை, அதாவது அன்றைய வழக்கில் அஹிமேஸ்களை, வீட்டு உரிமையாளர்களே கழற்றிவிட வேண்டும் என்று ஆணை கூறியது.”

‘பலகணி’ என்று வைக்க மனம் விரும்பியது. ஆனால் இன்றைய வாசகர் அதைப் படித்ததும் திறந்த பால்கனியைத்தான் நினைப்பார் என்பதால் தவிர்த்தேன்.

கடலோடி:

‘மாடம்’ என்றதும் எங்கள் பக்கத்தில் விளக்கு மாடம் நினைவுக்கு வரும். அது சுவருக்குள் குழிந்தது, இதுவோ வெளியே நீண்டது. ஆகவே ‘நீட்டியிருந்த’ என்னும் சொல்லை எந்தப் பதிப்பிலும் விட்டுவிடாதீர்கள். ‘இடித்து’ என்று முதலில் எழுதியதை ‘கழற்றி’ என்று மாற்றியது சரியானது. மரவேலையை இடிக்க வேண்டியதில்லை. முளைகளைத் தட்டினால் போதும், சட்டம் சட்டமாக இறங்கி வந்துவிடும்.

கயல்விழி:

‘நீட்டியிருந்த’ நிற்கும், ஐயா. முதன்முறை சொல் வரும் இடத்தில், லா லகூனாவில் ஒன்று இன்றும் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.